இராஜினாமாக் கடிதத்துக்கு முன் மிளகுக் கொடி
தொழிலை விட்டு வளவுக்குத் திரும்ப நினைப்போர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பல்லேபொல பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். தோளில் பையுடனும் கையில் சோற்றுப் பார்சலுடனும் நாற்பது வயதைத் தாண்டிய சிலர் மாத்தளை பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். மாத்தளையிலிருந்து கொழும்பு. மறுநாள் காலை கடை, காரியாலயம், களஞ்சியசாலை. மீண்டும் வெள்ளி இரவோ சனி இரவோதான் வீடு. "வாப்பா, இந்தக் கிழமையும் போகணுமா?" என்று சின்ன மகள் கேட்பதற்கு 20 வருடமாக ஒரே பதில்தான்.

இப்படியொருவரை நம்மில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் இருக்கிறார். கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி நல்லவர்தான். ஆனால் வேலை ஆளைத் தின்கிறது. இரவில் தூக்கமில்லை, பிரஷர் மாத்திரை தொடங்கிவிட்டது, தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. ஊரில் வாப்பா விட்டுச் சென்ற அரை ஏக்கர் வளவு இருக்கிறது. "எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரோடு வந்து, நாலு மிளகுக் கொடியையும் பத்துக் கோழியையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தால் என்ன?" என்ற எண்ணம் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் வருகிறது.

இந்த எண்ணம் தவறானதல்ல. அதேவேளை, இந்த எண்ணத்தை நம்பி ஒரே நாளில் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டே வருடத்தில் நகையையும் அடகு வைத்து, முன்னையதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் கொழும்புக்குப் போக நேர்ந்தால் அதைவிட வேதனை வேறில்லை. எனவே இவ்வாரம் இந்தப் பக்கத்தில் ஆசையைப் பற்றியல்ல, கணக்கைப் பற்றிப் பேசுவோம்.

நம் கையில் இருப்பது என்ன?

மாத்தளை மாவட்டத்தில் கலேவெல, நாவுல, யடவத்த ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளை அண்டியிருப்பது பல்லேபொல. ஈர வலயமுமல்லாத, உலர் வலயமுமல்லாத இடைவலயப் பூமி. மலைநாட்டுப் பயிரும் வரும், வரண்ட பிரதேசத்துப் பயிரும் வரும். இலங்கையில் மிளகுக்குப் பேர்பெற்ற மாவட்டங்களில் மாத்தளையும் கண்டியும் முன்னணியில் உள்ளன. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ போன்ற பயிர்களுக்குப் பொறுப்பான ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் 1972இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பிரதான ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே அமைந்திருப்பது தற்செயலானதல்ல.

இப்பகுதி வீட்டுத் தோட்டத்தை உலகெங்கும் விவசாய ஆய்வாளர்கள் 'கண்டிய வீட்டுத் தோட்டம்' என்று பெயர் சொல்லிப் படிக்கிறார்கள். மேலே தென்னை, பலா, கித்துள், கமுகு. நடுவில் கராம்பு, சாதிக்காய், கோப்பி. மரத்தைப் பற்றி ஏறும் மிளகு, வெற்றிலை. கீழே இஞ்சி, மஞ்சள், மரவள்ளி, வாழை. ஒன்றின் விலை விழுந்தால் இன்னொன்று தாங்கும். ஒன்று காய்க்காத மாதத்தில் இன்னொன்று காய்க்கும்.

இத்தோட்டத்தைக் குறித்து நாம் மறந்துபோன ஓர் உண்மை உண்டு. நம் முன்னோரில் பெரும்பாலானோர் இதை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களல்லர். அவர்களில் ஒருவர் பாடசாலை ஆசிரியர், இன்னொருவர் சில்லறைக் கடைக்காரர், மற்றொருவர் ஊர் ஊராகப் பாக்கும் மிளகும் வாங்கி மாத்தளைக்குக் கொண்டு சென்றவர். தோட்டம் சம்பாத்தியத்துக்கு மாற்றாக இருக்கவில்லை, சம்பாத்தியத்துக்குக் கைகொடுத்தது. இன்று வேலையை விட நினைப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

வேலையை விட்ட ஒருவரின் கதை

'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற நூலால் உலகப் புகழ்பெற்றவர் ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா. வேலையை உதறிவிட்டு இயற்கையோடு வாழப் போனவர் என்றால் பலரும் இவரைத்தான் உதாரணம் காட்டுவர். யொகோஹாமா சுங்கத்தில் தாவரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிந்த அவர், கடும் நோய்க்கும் மன உளைச்சலுக்கும் பிறகு 1938இல், தமது 25ஆவது வயதில் இராஜினாமாச் செய்தார். ஊருக்குத் திரும்பித் தகப்பனாரின் தோடம்பழத் தோட்டத்தில் ஒரு குடிசையில் தங்கினார். "மனிதன் கை வைக்காவிட்டால் மரம் தானாகவே நன்றாக வளரும்" என்பது அவரது நம்பிக்கை. ஆனால் காலங்காலமாகக் கிளை வெட்டிப் பழக்கப்பட்ட மரங்களை ஒரேயடியாகக் கைவிட்டபோது கிளைகள் சிக்கிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. தகப்பனார் மகனைப் போய் ஒரு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார்.

அவரும் போனார். 1939 முதல் ஏறத்தாழ எட்டு வருடம் கொச்சி மாகாண விவசாயப் பரிசோதனை நிலையத்தில் பூச்சி, நோய்க் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் தமது எண்ணங்களைச் சோதித்துப் பார்த்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகே நிரந்தரமாக ஊர் திரும்பினார். நமக்குத் தெரிந்த ஃபுகுவோகா இந்த இரண்டாவது முறை திரும்பியவர். அவரது நூல் வெளிவந்தது 1975இல். மக்சேசே விருது கிடைத்தது 1988இல்.

வேலையை விட்டது அவரது தவறல்ல. தோட்டம் தயாராவதற்கு முன் விட்டதே தவறு. அதற்கான விலையைக் கொடுத்தவை தகப்பனாரின் மரங்கள். நமது கதையில் அந்த விலையைக் கொடுக்கப்போவது யார்? மனைவி மக்கள்தான்.

கொடியின் நாட்காட்டி

மிளகை எடுத்துக்கொள்வோம். கொடி பற்றி ஏறுவதற்குத் தாங்கு மரம் வேண்டும். நம் பகுதியில் அது பெரும்பாலும் கிளிசிரிடியா. அதைக் கொடிக்கு முன்பே நட்டு வேரூன்றச் செய்ய வேண்டும். பிறகு, இடைவலயமான நம் பகுதியில் ஒக்டோபர், நவம்பர் மழையோடு கன்றை நட வேண்டும். முதல் வருடம் நிழலும் நீரும் பசளையும் கேட்கும் குழந்தை அது. மூன்றாம் வருடம் கொஞ்சம் காய்க்கத் தொடங்கும். முழுப் பலன் தருவதற்கு இன்னும் சில வருடங்கள் செல்லும். கராம்பும் சாதிக்காயும் இதைவிடப் பொறுமையைக் கேட்பவை. பலா, தென்னை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் மிளகை மட்டும் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 680 கொடி பிடிக்கும். ஆனால் நம்மவரிடம் இருப்பது அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச். அதில் வீடும் கிணறும் தென்னையும் பலாவும் போக 150 கொடி வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்த கொடி வருடத்துக்கு ஒரு கிலோ உலர் மிளகு தருகிறது என்று கணக்கெடுப்போம். அப்படியானால் 150 கிலோ. ஒரு கிலோ உலர் மிளகுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு பறிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி விலை. இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் கிலோ 1,000 ரூபாவுக்கு மேல் விற்ற மிளகு, 2019 அளவில் அதன் பாதிக்கு அண்மித்த விலைக்கு வந்துவிட்டது. நமது மிளகின் பிரதான சந்தை இந்தியா. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்ய முடியாதவாறு குறைந்தபட்ச விலையொன்றை விதித்தது. வேறு நாட்டு மிளகு இலங்கை வழியாக மீள் ஏற்றுமதியாவது குறித்தும் அக்காலத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. பல்லேபொலயில் கொடி நட்ட ஒருவருக்கு இவற்றில் எதன் மீதும் அதிகாரம் இல்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின் விலை மீண்டும் ஏறியது. அதையும் அவர் தீர்மானிக்கவில்லை.

ஆகவே ஒரே தோட்டத்துக்கு இரண்டு கணக்குப் போட வேண்டும். கிலோ 500 ரூபா என்றால் 150 கிலோவுக்கு 75,000 ரூபா. கிலோ 1,500 ரூபா என்றால் 2,25,000 ரூபா. பசளை, பறிகூலி என 25,000 ரூபாவைக் கழித்தால் கெட்ட வருடத்தில் 50,000, நல்ல வருடத்தில் 2,00,000 ரூபா மிஞ்சும். மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 4,000 ரூபா. அல்லது 16,500 ரூபா.

இதில் குடும்பம் நடத்த முடியுமா? முடியாது. அப்படியானால் தோட்டத்தால் பயன் இல்லையா? அவசரப்பட வேண்டாம்.

கொழும்புச் சம்பளத்தில் வீடு வந்து சேர்வது எவ்வளவு?

நம்மவரின் சம்பளம் 1 இலட்சம் ரூபா என்று உதாரணத்துக்கு வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் கையில் 92,000. அறை வாடகை, கடைச் சாப்பாடு, வாராந்தப் பயணம் என 27,000 போகிறது. வீட்டுக்கு வருவது 65,000. ஆக, குடும்பம் நடப்பது 1 இலட்சத்திலல்ல, 65,000 ரூபாவில்!

அவர் ஊரோடு வந்துவிட்டால் வீட்டில் ஒரு வயிறு கூடும். அவர் கைபட்டு வளவிலிருந்து அடுப்படிக்கு வரும் தேங்காய், பலாக்காய், கீரை, முட்டையும் கூடும். இரண்டையும் சரிக்குச் சரி என்று விடுவோம். மிளகு காய்க்கத் தொடங்கிவிட்டால், தேவைப்படும் 65,000இல் கெட்ட வருடத்தில் 4,000ஐயும் நல்ல வருடத்தில் 16,500ஐயும் அது தாங்கும். மீதி 48,500 முதல் 61,000 வரை.

ஆகவே 1 இலட்சத்துக்காகக் கொழும்பில் உடலை வருத்தியவருக்கு ஊரில் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 வரை போதும். தோட்டம் சம்பளம் தரவில்லை. தேவையான சம்பளத்தைக் குறைத்துத் தந்திருக்கிறது. மாத்தளையிலோ கலேவெலயிலோ சில கடைகளுக்கு வாரத்தில் மூன்று, நான்கு நாள் கணக்குப் பார்த்தால் அத்தொகையை நெருங்கலாம். அயலவரின் பச்சை மிளகை வாங்கி முறையாக உலர்த்தி விற்றால் இன்னும் கொஞ்சம் சேரும்.

இந்த எண்ணத்துக்கு ஜப்பானில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கியோத்தோ மாகாணத்தின் அயாபே ஊரைச் சேர்ந்த நவோக்கி ஷியோமி என்பவர் 1990களில் 'அரை விவசாயம், அரை எக்ஸ்' என்ற கருத்தை முன்வைத்தார். 2003இல் அதை நூலாகவும் எழுதினார். வீட்டுக்கு வேண்டிய உணவை அளவாக விளைவித்துக்கொண்டு, மீதி நேரத்தில் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்வது. அந்தத் தொழில்தான் 'எக்ஸ்'. பெயர் புதியது. நமது பாட்டன்மார் செய்தது அதைத்தான்.

கைக்கு வரும் பணம் எது, வராத பணம் எது?

வேலையை விடும்போது பெருந்தொகை கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடுவோர் பலர். தனியார் துறையில் பணிபுரிவோர் மூன்று விடயங்களைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் குறைந்தது 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் வேலையை விட்ட மறுநாளே இப்பணத்தை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். நிரந்தரமாக வெளிநாடு செல்லல், நிரந்தர இயலாமை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் 30 வீதம் வரை முன்கூட்டிப் பெற வழி செய்தது. தோட்டம் போட அதில் இடமில்லை. ஆகவே 42 வயதில் விலகுபவர் அப்பணத்தை 13 வருடத்துக்கு மறந்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தொழில் வழங்குநர் மட்டும் 3 வீதம் செலுத்துவது. வேலையை விட்டு விலகும்போது இதைப் பெறலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டுமே.

மூன்றாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. தானாக இராஜினாமாச் செய்தாலும் இது கிடைக்கும். "நீயாகத்தானே போகிறாய், உனக்கு எதுவுமில்லை" என்று சொல்வது சட்டப்படி செல்லாது. 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும்.

நம்மவருக்கு 20 வருடச் சேவை. கடைசிச் சம்பளம் 1 இலட்சம் என்றால் பணிக்கொடை 10 இலட்சம். இப்போது இதைக் கொடியின் நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். வேலையை விட்ட அன்றே கன்று நட்டு, மாதம் 65,000 ரூபா இப்பணத்திலிருந்து எடுத்தால் 15 மாதத்தில் கை வெறுமையாகிவிடும். மிளகு காய்க்கத் தொடங்குவதோ மூன்றாம் வருடம். இடையில் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் குடும்பங்கள் விழுகின்றன. நகை அடகும், வட்டிக் கடனும், கடைசியில் வளவையே ஈடு வைப்பதும் அங்கேதான் தொடங்குகின்றன.

அதே மனிதர் வேலையில் இருந்துகொண்டே மூன்று வருடத்துக்கு முன் கன்று நட்டு, சிறு தொழிலையும் பேசி வைத்துவிட்டு விலகினால் இந்த 10 இலட்சத்தை மாதச் செலவுக்குத் தொட வேண்டியதில்லை. விலை விழுந்த வருடத்துக்கும் நோய் நொடிக்கும் அது காப்பாக இருக்கும். பணமும் நிலமும் ஆளும் ஒன்றுதான். மாறியது வரிசை மட்டுமே.

கையில் உள்ள பெருந்தொகை அப்படியே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை சென்றதை நாம் வாழ்ந்து கண்டோம். வங்கியில் வைத்த பணம் கண்ணெதிரே கரைந்தது. அந்நாட்களில் வளவில் பலாவும் மரவள்ளியும் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 'கொஸ் மாமா' என்று அழைக்கப்பட்ட ஆதர் வீ. டயஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலாக்கன்று நடச் சொல்லிப் பாடுபட்டதன் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

அரச ஊழியர்களுக்கும் 2022 ஒரு பாடம் கற்றுத் தந்தது. அவ்வருடம் ஜூனில், எரிபொருள் தட்டுப்பாட்டையும் உணவு நெருக்கடியையும் காரணம் காட்டி, வெள்ளிக்கிழமைகளை மூன்று மாதத்துக்கு விடுமுறையாக்கி வீட்டுத் தோட்டம் செய்ய அமைச்சரவை அனுமதித்தது. ஓய்வூதியமும் சேவை மூப்பும் பாதிக்கப்படாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை பெறவும் அதே மாதத்தில் சுற்றறிக்கை வெளியானது. ஓய்வூதிய உரிமையுள்ள தொழிலை ஒரேயடியாக விடுவதற்கு முன், விடுமுறை எடுத்துச் சோதித்துப் பார்க்க வழியுண்டா என்று ஆராய்வதே புத்திசாலித்தனம்.

கடிதம் எழுதுமுன் நான்கு கேள்விகள்

ஒன்று: காணி யாருடையது? வாப்பாவின் காணி என்றால், வாப்பா மௌத்தான பின் அது சகோதர, சகோதரிகள் அனைவரதும் பங்கு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் அதைத் தெளிவாகவே ஏற்றிருக்கிறது. பிரிக்கப்படாத காணியில் 150 கொடி நட்டு, காய்க்கும் வேளையில் "எனது பங்கைப் பிரித்துத் தாருங்கள்" என்று தங்கை கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவரது உரிமை. முதலில் உட்கார்ந்து பேசி, நில அளவையாளரைக் கொண்டு அளந்து, உறுதி முடித்துவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுங்கள்.

இரண்டு: தண்ணீரும் விலங்கும். வரட்சி மாதங்களில் கிணற்றில் நீர் நிற்குமா? குரங்கும் மலை அணிலும் பன்றியும் முள்ளம்பன்றியும் எவ்வளவு விட்டு வைக்கும்? பயிருக்குச் சேதம் செய்யும் விலங்குகளை எண்ணுவதற்கென்றே 2025 மார்ச் 15ஆம் திகதி காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடந்தது என்றால் பிரச்சினையின் பாரத்தை ஊகிக்கலாம். தேங்காயையும் வாழையையும் நம்பிக் கணக்குப் போட்டவர் குரங்குக்கும் ஒரு பங்கு எழுதியே ஆக வேண்டும். மிளகில் குரங்குக்கு நாட்டம் குறைவு.

மூன்று: கடன் உண்டா? லீசிங் வாகனம், அடகில் நகை, கைமாற்று என ஏதேனும் இருக்குமானால் அதை முடிப்பதே முதல் வேலை. கடன்காரன் மழைக்கும் வெயிலுக்கும் பொறுப்பதில்லை. வட்டி, கொடி காய்க்கும் வரை காத்திருப்பதில்லை.

நான்கு: வீட்டில் கேட்டீர்களா? இதைக் கடைசியில் வைத்திருந்தாலும் இதுவே முதல் கேள்வி. 20 வருடமாக அந்த வளவைக் கட்டிக் காத்தவர் மனைவி. எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தத் தென்னை காய்க்காது, கூலிக்கு யார் நேர்மையாக வருவார் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். "சும்மா வீட்டில் இருக்கிறார்" என்று நாம் சொன்ன காலமெல்லாம் வளவின் முகாமையாளராக இருந்தவர் அவர். வாராந்தம் ஒரு நாள் விருந்தாளிபோல் வந்து போனவர் திடீரென வந்து, இனி எல்லாம் என் சொற்படி என்றால் வீட்டில் நிம்மதி இருக்காது. நிம்மதியைத் தேடித்தானே ஊருக்கு வந்தோம்? ஆகவே நீங்கள் அவரிடம் வேலைக்குச் சேர்வதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மோகப் பயிர் வேண்டாம்

இன்னுமொரு எச்சரிக்கை. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் 2020இல் மஞ்சள் கிலோ சில ஆயிரம் ரூபா வரை ஏறியது. எல்லோரும் மஞ்சள் நடப் புறப்பட்டனர். விதை மஞ்சளே எட்டாத விலையானது. உள்ளூர் விளைச்சல் பெருகியதும் விலை இறங்கியது. கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் அதிக விலைக்கு விதை வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றார்கள். 2021இல் இரசாயனப் பசளைத் தடை திடீரென வந்து, சில மாதங்களில் நீக்கப்பட்டதும் நினைவிருக்கும். பணிக்கொடைப் பணம் முழுவதையும் ஒரே பயிரில் போடுவது வியாபாரமல்ல, பந்தயம். கண்டிய வீட்டுத் தோட்டத்தின் பலம் கலப்பில்தான் இருக்கிறது.

விலையை நாம் தீர்மானிக்க முடியாது, தரத்தைத் தீர்மானிக்கலாம். பிஞ்சிலேயே பறிக்காமல் முற்றிய பிறகு பறிப்பது, பச்சை மிளகைச் சுடுநீரில் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்து உலர்த்துவது, மண்ணில் பரப்பாமல் சுத்தமான படங்கில் காய வைப்பது ஆகிய மூன்றையும் செய்தால் நிறமும் எடையும் நிற்கும். கொள்வனவாளர் குறை சொல்ல இடமிருக்காது. கன்று, மானியம், ஆலோசனை பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்கள வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பதற்குப் பணம் செலவில்லை.

பொறுக்க முடியாதவர்களுக்கு

"மூன்று வருடம் என்னால் தாங்க முடியாது" என்று சொல்பவரும் இருப்பார். அது உண்மையாக இருக்கலாம். நெஞ்சுவலியும் தூக்கமின்மையும் மருத்துவர் எச்சரிக்கும் அளவுக்குப் போயிருந்தால் கொடிக்காகக் காத்திருக்கச் சொல்வது நியாயமல்ல. ஆள் இருந்தால்தான் தோட்டம். அப்படிப்பட்டவர் முதலில் மாற்ற வேண்டியது தொழில் செய்யும் இடத்தை. சம்பளம் குறைந்தாலும் மாத்தளைக்கோ கண்டிக்கோ கிட்டிய ஒரு வேலைக்கு மாறி, தினமும் வீடு வந்து சேரலாம். மேலே பார்த்த கணக்கின்படி கொழும்புச் செலவு 27,000 மிச்சமாவதால், அந்த அளவு சம்பளம் குறைந்தாலும் வீட்டுக்கு வரும் 65,000 குறையாது. காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் வளவில் நிற்கலாம். தோட்டமும் வளரும், ஆளும் தேறுவார்.

மற்றவர்கள் இந்த ஒக்டோபர் மழைக்கு முன் கிளிசிரிடியாத் தடிகளை ஊன்றுங்கள். ஊருக்கு வரும் நாட்களில் 20 கன்று, அடுத்த மாரிக்கு 50 கன்று என்று நடுங்கள். சகோதரர்களோடு காணி விடயத்தைப் பேசி முடியுங்கள். சேமலாப நிதியில் உங்கள் பெயரில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பாருங்கள். மாத்தளையில் யாருக்குக் கணக்காளர் தேவை என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அப்போது ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் ஏறும்போதும் மனது இவ்வளவு பாரமாக இருக்காது. போகும் பயணத்துக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கும். முதல் கொடி திரி விட்டுக் காய்க்கும் வருடத்தில், இன்ஷா அல்லாஹ், அந்தச் சின்ன மகளுக்கும் வேறொரு பதில் சொல்லலாம்.